நின்ற எந்திரமும் ஜி.டி. நாயுடுவும்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் எழுதியது)



ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாற்றை எழுத எடுத்துக்கொண்டு, படகு ஒன்றின் கதையில் தொடங்குகிறேனே என்று எண்ண வேண்டாம். அந்தப் படகுதான் என்னை அவரிடம் அழைத்துச் சென்றது.

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வெள்ளக்காடாயிற்று. கொரட்டூர் ஏரியை ஒட்டிய எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். இரண்டு நாள் மின்சாரம் இல்லை. என் பாட்டிக்கு நாள்தோறும் இன்சுலின் ஊசி போட வேண்டும். வீட்டில் இருந்த மருந்து தீர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் காலை, கடற்கரைப் பக்கத்திலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டு வரப்பட்ட ஃபைபர் படகு ஒன்று எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. பாட்டியையும், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையையும், அதன் தாயையும் ஏற்றிக்கொண்டோம். துணைக்கு நானும் ஏறினேன்.

கால் மணி நேரம் கூட ஓடியிராது. படகின் பின்புறம் மாட்டியிருந்த மோட்டார் இருமுறை இருமிவிட்டு நின்றுவிட்டது. அதை ஓட்டி வந்த இளைஞர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். பத்து முறை, இருபது முறை இழுத்தார். ஒரு முறை உயிர் வந்தது போல் உறுமிற்று, உடனே அடங்கிவிட்டது. அவர் தோள் வலியெடுத்து நின்றபோது, நான் இழுக்கிறேன் என்று எழுந்தேன். படகின் முனையில் துடுப்போடு உட்கார்ந்திருந்த முதியவர் எங்கள் இருவரையும் கையமர்த்தினார். அவர் கயிற்றைத் தொடவே இல்லை. முதலில் பெட்ரோல் டேங்கிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர்க் குமிழை அமுக்கிப் பார்த்தார். அது சப்பிப் போய்க் கிடந்தது. பிறகு டேங்கின் மூடியில் இருந்த சிறிய திருகைத் தளர்த்தினார். உஸ் என்று காற்று உள்ளே போயிற்று. குமிழை நாலைந்து முறை அமுக்கினார், அது கெட்டியாயிற்று. இளைஞரைப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டாவது இழுப்பில் மோட்டார் ஓடத் தொடங்கியது.

காரணம் மிக எளியது. டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியேற வேண்டுமானால் அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். லாரியில் வரும்போது சிந்தாமல் இருக்க அந்தக் காற்றுத் திருகை மூடியிருந்தார்கள். படகை இறக்கியபின் திறக்க மறந்துவிட்டார்கள். மோட்டார் சிறிது நேரம் ஓடும், டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி எரிபொருள் நிற்கும், மோட்டாரும் நிற்கும். ஆயிரம் முறை கயிற்றை இழுத்தாலும் அந்தத் திருகு தானாகத் திறக்கப் போவதில்லை.

அன்று இரவு உறவினர் வீட்டில் பாட்டி அயர்ந்து உறங்கிக் கொண்டிருந்தபோது எனக்குள் ஓர் எண்ணம் எழுந்தது. நான் அந்தப் படகில் என்ன செய்தேன்? வலிமையைக் காட்ட எழுந்தேன். முதியவரோ காரணத்தைத் தேடினார். எந்தப் பள்ளியில் அவர் அதைக் கற்றார்? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான், நாம் பெயரளவில் மட்டும் அறிந்த ஒரு பெருமகனாரின் வாழ்க்கையை முழுமையாகப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அவர்தான் கோவை தந்த விந்தை மனிதர் ஜி.டி. நாயுடு.

பள்ளி பிடிக்காத பிள்ளை

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் கோவை மாவட்டம் கலங்கல் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பிள்ளைப் பருவத்தில் அவருக்குப் பள்ளிக்கூடம் என்றாலே வேம்பாய்க் கசந்தது. ஆசிரியர் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிவந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். படிப்பு தொடக்க வகுப்புகளோடு முடிந்தது. பின்னாளில் ஒரு கல்லூரிக்கே முதல்வராக அமரப் போகிறவர் இவர் என்று அன்று கலங்கலில் யாராவது சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும்.

ஆனால் பள்ளியை வெறுத்தவர் அறிவை வெறுத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. பிறர் சொன்னதை அப்படியே ஒப்பிப்பதில்தான் அவருக்கு வெறுப்பு. கையால் தொட்டு, கண்ணால் பார்த்து, பிரித்துக் கோத்து அறிவதில் அவருக்குப் பசி அடங்கவே இல்லை.

அந்தப் பசியைத் தூண்டிவிட்டது ஒரு மோட்டார் சைக்கிள். வெள்ளைக்கார வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் அந்த வண்டியில் கிராமத்துப் பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இல்லாமல், தானே ஓடும் இரண்டு சக்கர வண்டியை இளைஞர் துரைசாமி அன்றுதான் முதன்முதலில் கண்டார். ஊரார் அனைவரும் வாய் பிளந்து அந்த வண்டி ஓடுவதைப் பார்த்தார்கள். இவரோ அது எதனால் ஓடுகிறது என்று பார்த்தார். இந்த ஒரு வேறுபாடுதான் அவருடைய வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்தது.

முந்நூறு ரூபாய்க் கல்வி

எப்படியும் அந்த வண்டியை வாங்கிவிட வேண்டும் என்ற வேட்கை அவரை ஊரைவிட்டுக் கிளப்பியது. கோவைக்கு வந்தார். உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். மூன்றாண்டுகள் அங்கு உழைத்துச் சிறுகச் சிறுகக் காசு சேர்த்து, முந்நூறு ரூபாய் கொடுத்து அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார் என்று அவரது வரலாறு கூறுகிறது. அது ரட்ஜ் என்னும் ஆங்கிலேயக் கம்பெனியின் வண்டி.

வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? ஊர் முழுவதும் ஓட்டிக் காட்டியிருப்பார். நாயுடு அதைக் கழற்றிப் போட்டார். ஒவ்வோர் உறுப்பாகப் பிரித்தார், மறுபடியும் மாட்டினார். அந்த முந்நூறு ரூபாய், வண்டிக்குக் கொடுத்த விலையன்று. தமக்குத் தாமே கட்டிக்கொண்ட கல்விக் கட்டணம் என்றே சொல்ல வேண்டும்.

நண்பர்களே! அந்த வண்டியைப் பிரித்தபோது அவர் கண்முன் விரிந்தது என்ன என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கலை மாணவர்களாகிய நமக்கு இது தேவையா என்று யாரும் ஒதுங்க வேண்டாம். இதில் கணக்கு ஏதுமில்லை.

பெட்ரோல் எந்திரம் பார்ப்பதற்குச் சிக்கலானது. ஆனால் அது கேட்பது மூன்றே பொருள்கள்தாம். முதலாவது, காற்றோடு சரியான அளவில் கலந்த பெட்ரோல். அதைக் கலந்து தருவது கார்புரேட்டர். இரண்டாவது, சரியான நொடியில் எழும் தீப்பொறி. அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளில் காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட மேக்னெட்டோ அதற்குரிய மின்சாரத்தை உண்டாக்கியது. ஸ்பார்க் பிளக்கின் நுனியில் அது பொறியாகப் பாய்ந்தது. மூன்றாவது, அழுத்தம். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வரும்போது அந்தக் கலவை கசியாமல் அமுங்க வேண்டும். வால்வோ பிஸ்டன் வளையமோ தேய்ந்திருந்தால் அழுத்தம் கசிந்துவிடும். இந்த மூன்றும் இருந்தால் எந்திரம் ஓடியே தீரும். எந்திரம் ஓடவில்லையென்றால் இந்த மூன்றில் ஒன்று குறைகிறது என்பதே பொருள்.

ஆகவே நின்றுபோன எந்திரத்திடம் வரிசையாகக் கேள்வி கேட்க வேண்டும். பெட்ரோல் வருகிறதா? டேங்கில் இருக்கிறதா, காற்றுத் துளை திறந்திருக்கிறதா, குழாய் அடைத்திருக்கிறதா, பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா? அடுத்து, பொறி வருகிறதா? பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும். காய்ந்து கிடந்தால் எரிபொருள் வரவில்லை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் எரிபொருள் மிகுந்துவிட்டது. கரி படிந்திருந்தால் பொறி பலவீனமாக இருக்கும். கடைசியாக, அழுத்தம் இருக்கிறதா? கையால் மெல்லச் சுழற்றும்போது எதிர்த்துத் தள்ளும் விசை இல்லையென்றால், கோளாறு ஆழத்தில் இருக்கிறது என்று அறியலாம்.

ஓடி நின்ற சூடான எந்திரம் மறுபடி கிளம்ப மறுப்பது தனி ரகம். குளிர்ந்த எந்திரத்துக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலை மிகுதியாக்கும் சோக் தேவைப்படும். சூடான எந்திரத்துக்கும் அதே பழக்கத்தில் சோக்கை இழுத்துவிட்டால் பெட்ரோல் நிரம்பி, பிளக் நனைந்து, இழுக்க இழுக்க நிலைமை மோசமாகும். அப்போது சோக்கைத் தள்ளிவிட்டு, பிளக்கைத் துடைத்து, சற்றே பொறுத்து இழுப்பதுதான் வழி. மின்சுருள் குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருந்து, சூடேறியதும் பொறியை நிறுத்திவிடுவதும் உண்டு. படகு மோட்டாராக இருந்தால், குளிர்விக்கும் தண்ணீர் நுழையும் துளையை பிளாஸ்டிக் பையோ ஆகாயத்தாமரையோ அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் கையில் கட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கயிறு கழன்றிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது கழன்றால் பொறி நின்றுவிடுமாறுதான் மோட்டாரை அமைத்திருக்கிறார்கள்.

இவையெல்லாம் இன்று பயிற்சி நிலையங்களில் சொல்லித் தரப்படுகின்றன. ஆனால் அன்று கோவையில் நாயுடுவுக்குச் சொல்லித்தர யார் இருந்தார்கள்? எந்திரமே ஆசிரியர், தவறுகளே தேர்வு.

உலகின் மறுகோடியிலும் அதே காலத்தில் இப்படியோர் உள்ளம் உழைத்துக் கொண்டிருந்தது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய உழவர் மகன் ஓலே எவின்ரூட், மில்வாக்கி நகரில் 1909இல் படகின் பின்புறம் கழற்றி மாட்டக்கூடிய ஒரு சிறு மோட்டாரை உருவாக்கினார். ஒன்றரைக் குதிரைத் திறன். எடை ஏறக்குறைய 28 கிலோ. அவருக்கு முன்பே வேறு சிலர் அத்தகைய மோட்டாரைச் செய்திருந்தாலும், அதை மக்களிடையே பரப்பியவர் எவின்ரூட்தான். அவரும் பள்ளியில் அதிகம் படித்தவரல்லர்; பட்டறைகளில் கற்றவர். எங்கள் தெருவுக்கு வந்த படகின் மோட்டார் அந்த வழியில் வந்ததே. நாயுடு பிரித்த வண்டியின் எந்திரமும் அந்தப் படகு மோட்டாரும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. கேட்பவையும் அதே மூன்று பொருள்கள்தாம்.

வாழ்க்கையே நின்றுபோனபோது

எந்திரத்தைப் பழுது பார்ப்பவராக வாழ்க்கையைத் தொடங்கிய நாயுடு, வாணிகத்திலும் இறங்கினார். திருப்பூரில் பருத்தித் தொழிலில் நல்ல பொருள் ஈட்டினார். அந்த ஊக்கத்தில் பம்பாய்ப் பருத்திச் சந்தைக்குச் சென்றார். அங்கே ஈட்டியதை எல்லாம் இழந்து வெறுங்கையோடு திரும்பினார். ஓடிக் கொண்டிருந்த எந்திரம் சட்டென நின்றது போலாயிற்று அவர் வாழ்வு.

இத்தகைய நேரத்தில் மனிதர் இருவகையாக நடப்பர். விதியை நொந்து உட்கார்ந்துவிடுவது ஒரு வகை. இழந்த இடத்திலேயே இன்னும் வேகமாக இழுத்துப் பார்ப்பது மற்றொரு வகை. சூதாட்டத்தில் தோற்றவன் மேலும் பணயம் வைப்பது போல. நாயுடு இரண்டையும் செய்யவில்லை. தமக்கு எது கைவந்த கலையோ, எங்கே தம் அறிவு தடுமாறாதோ, அந்த இடத்துக்குத் திரும்பினார். அந்த இடம் மோட்டார்.

கோவையின் புகழ்பெற்ற தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் அவருக்குக் கை கொடுத்தார். அந்த உதவியால் 1920இல் ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஓட்டினார். முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே. நடுவழியில் வண்டி நின்றால் பழுது பார்ப்பவரும் அவரே. அன்றைய மோட்டார் வண்டிகளை முன்புறம் கைப்பிடியைச் சொருகிச் சுழற்றித்தான் கிளப்புவார்கள். தவறாகச் சுழற்றினால் கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டை முறித்துவிடும். பழநிக்குப் போகும் பக்தர்களும் சந்தைக்குப் போகும் உழவர்களும் உள்ளே அமர்ந்திருக்க, ஆளில்லாத சாலையில் நின்ற வண்டியை மறுபடி ஓட வைப்பது விளையாட்டன்று. அந்தச் சாலையே அவருக்குப் பல்கலைக்கழகம்.

அந்த ஒரு பேருந்து பலவாகப் பெருகியது. யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் யூ.எம்.எஸ். நிறுவனம் உருவாயிற்று. 1933ஆம் ஆண்டளவில் அதில் 280 பேருந்துகள் ஓடின. ஒற்றை வண்டியின் கோளாறைக் கையால் தொட்டு அறிந்தவர், அத்தனை வண்டிகளின் நலத்தையும் காக்கும் பட்டறைகளை அமைத்தார்.

படைப்பும் புகழும்

பழுது பார்க்கும் கை, நாளடைவில் படைக்கும் கையாயிற்று. இது தற்செயலன்று. ஒரு பொருள் எங்கே கெடுகிறது என்று அறிந்தவனுக்கே அதை எப்படிக் கெடாமல் செய்வது என்பதும் தெரியும்.

1937இல் கோவை பீளமேட்டில் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்கூடத்தில், டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து அவர் உருவாக்கிய மின் மோட்டார், இந்திய நாட்டில் செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் என்று போற்றப்படுகிறது. இன்று உழவர் கிணற்றில் ஓடும் பம்புசெட்டு என்றாலே கோவை என்ற பெயர் நிலைத்திருக்கிறதே, அந்தப் பெருமையின் தொடக்கம் அங்கேதான்.

ஐரோப்பாவுக்குச் சென்றார். சிறு மின் மோட்டாரைக் கொண்டு இயங்கும் ரசாண்ட் என்ற முகச்சவரக் கருவி, அவர் பெயரை ஜெர்மனியில் பரப்பியது. 1936 ஜனவரியில் லண்டனில் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தைத் தம் காமிராவில் படம் பிடித்தார். மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப் பதிவுக் கருவி என்று அவர் செய்தவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். 1941இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். வானொலி, பணம் படைத்தோர் வீட்டு அலங்காரப் பொருளாக இருந்த காலம் அது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். 1952இல் இருவர் செல்லும் சிறிய பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் திட்டமிட்டார். மக்கள் அவரை இந்தியாவின் எடிசன் என்று கொண்டாடினர்.

ஓட மறுத்த எந்திரங்கள்

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்தால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அது முழு உண்மையாகாது. வரலாறு பயிலும் மாணவன் புகழ்ச்சியோடு நின்றுவிடக் கூடாது.

அந்த 2,000 ரூபாய்க் கார் சாலைக்கு வரவில்லை. அதை உற்பத்தி செய்ய அரசு உரிமம் தரவில்லை. எந்திரத்தில் கோளாறு இல்லை. எந்திரத்துக்கு வெளியே கதவு மூடியிருந்தது.

கல்வியிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 1944இல் தொழில் பொறுப்புகள் பலவற்றிலிருந்து விலகிய நாயுடு, இளைஞர்களுக்குத் தொழிற்கல்வி தருவதில் மனத்தைச் செலுத்தினார். 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் அவர் முயற்சியால் எழுந்தன. அன்றைய சென்னை மாகாண ஆளுநரின் பெயரை அவை தாங்கின. இன்றும் கோவை அவிநாசி சாலையில் ஹோப் காலேஜ் என்ற நிறுத்தத்தில் இறங்குகிறவர்கள் அந்த நினைவில்தான் இறங்குகிறார்கள். தொடக்கக் கல்வியோடு பள்ளியை விட்ட அந்தப் பிள்ளை அங்கே முதல்வராக அமர்ந்தார். ஆனால் நான்காண்டுப் பொறியியல் படிப்பில் பாதிக் காலம் வீணாகிறது, இரண்டாண்டே போதும் என்பது அவர் கொள்கை. பட்டறையில் கற்ற அவருக்கு அது வெளிப்படை. ஆட்சியாளர்கள் ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். பின்னர் அக்கல்லூரி அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்து இன்றும் நடந்து வருகிறது.

இவ்வாறு தடைகள் மீண்டும் மீண்டும் எழவே, வரிக் கொள்கையையும் அரசின் போக்கையும் கண்டித்து, தாம் செய்த கருவிகளையே பொதுமக்கள் முன்னிலையில் உடைத்துப் போட்டார். இந்தச் செய்தியைப் படித்தபோது என் மனம் வருந்திற்று. பிரித்துப் பிரித்துக் கற்ற கைகள் உடைத்துக் காட்டும் நிலைக்கு ஏன் வந்தன? பிரித்த பொருளை மறுபடி கோக்கலாம். உடைத்த பொருளை யார் கோப்பது? அவருடைய சினத்தில் நியாயம் இருந்தது என்றே நம்புகிறேன். ஆயினும் அந்த ஒரு செயலில் மட்டும், அவரும் காரணத்தைத் தேடுவதை விட்டுவிட்டுக் கயிற்றைப் பலங்கொண்ட மட்டும் இழுத்துவிட்டாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. பெரியோரின் வாழ்வில் வெற்றியும் பாடம். மனமுடைந்த கணமும் பாடம். இதில் என்னோடு மாறுபடும் நண்பர்கள் இருக்கலாம். அவர்கள் எழுதினால் நான் ஆவலோடு படிப்பேன்.

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அந்தப் பெருமகனார் மறைந்தார். கோவையில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் அவர் செய்தவற்றையும் சேர்த்தவற்றையும் காணலாம். அவிநாசி சாலையில் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் நீளத்துக்கு எழுப்பப்பட்டு 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பேருந்து ஓட்டியவருக்கு ஒரு சாலையையே நினைவுச் சின்னமாக்கியது பொருத்தமே.

நமக்கு என்ன?

நண்பர்களே! நாம் வாழும் பகுதி எது? 1949இல் தொடங்கிய சைக்கிள் தொழிற்சாலையின் அம்பத்தூர். 1964இல் உருவாகிப் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழிற்பேட்டையின் அம்பத்தூர். 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியிட்ட ஆவடி. பெரிய ஆலைகளுக்குச் செல்லும் லாரிகள் இரவும் பகலும் ஓடும் பூந்தமல்லி நெடுஞ்சாலை. நம்மில் பலருடைய தந்தையர் லேத் பட்டறையிலும் பிரஸ் கடையிலும் உழைப்பவர்கள். நம்மில் சிலரே மாலை நேரத்தில் அங்கு வேலை செய்து கல்லூரிக்குக் கட்டணம் கட்டுகிறோம். ஆனாலும் நாம் கலைக் கல்லூரி மாணவர்கள், எந்திரம் நமக்குரியதன்று என்ற தாழ்வு மனப்பான்மை நம்மிடம் இருக்கிறது. பொறியியல் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனைக் கண்டால் சற்றே ஒதுங்கி நடக்கிறோம்.

என் அண்ணன் ஐ.டி.ஐ. படித்துத் தொழிற்பேட்டையில் பணிபுரிகிறார். அவர் கைகளில் எப்போதும் மசகு எண்ணெயின் கறை. வீட்டில் படித்த பிள்ளை என்று என்னைத்தான் சொல்வார்கள். நானும் அதைக் கேட்டு மகிழ்ந்தவன். வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள் கிளம்பவில்லை. நான் உதைத்து உதைத்துக் களைத்துப் போனேன். அண்ணன் வேலை முடிந்து வந்தார். நான் முதன்முறையாக, எனக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். டேங்கிலும் கார்புரேட்டரிலும் இருந்த தண்ணீரை வடித்தோம். பிளக்கைத் துடைத்தோம். ஏர் பில்டரைக் கழற்றிப் பார்த்தோம், ஊறிப் போயிருந்தது, வேறொன்று மாட்டினோம். எண்ணெயை மாற்றினோம். ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறோம் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அன்று மாலை என் அண்ணன் எவ்வளவு படித்தவர் என்பதை நான் அறிந்தேன். வண்டியும் ஓடிற்று.

நாயுடுவின் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டியது, எல்லோரும் மோட்டார் செய்யப் புறப்பட வேண்டும் என்பதன்று. நின்றுபோன எதையும் வரிசையாகக் கேள்வி கேட்டுக் காரணம் காணும் பழக்கத்தையே கற்க வேண்டும். தேர்வில் ஒரு பாடம் நின்றுவிட்டதா? அதே புத்தகத்தை அதே முறையில் மேலும் பத்து முறை உருப்போடுவது கயிற்றை இழுப்பதற்கு ஒப்பாகும். புரியவில்லையா, படிக்க நேரமில்லையா, வீட்டில் கவலையா என்று பிரித்துப் பார்த்தால், மூடிக் கிடக்கும் சிறு திருகு ஒன்று கண்ணில் படும். அதைத் திறக்க வலிமை வேண்டாம், பொறுமை போதும். சில வேளை அந்தத் திருகைக் காட்ட, படகின் முனையில் ஒரு முதியவரோ, கறை படிந்த கைகளோடு ஓர் அண்ணனோ நம் அருகிலேயே இருப்பார்கள். அவர்களைக் கேட்க நாணக் கூடாது.

அந்த முதியவரின் பெயரைக் கூட நான் கேட்டு வைக்கவில்லை. பாட்டியைக் கரை சேர்த்துவிட்டு அவர்கள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். ஜி.டி. நாயுடுவைப் பற்றிய இக்கட்டுரையை, பெயர் தெரியாத அந்தப் பெரியவருக்கே நன்றியோடு காணிக்கையாக்குகிறேன்.